பயந்த ரத்தம்

என் அக்காவின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னபோது அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பாளையங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு நாள் சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தவளுக்குத் திடீரென்று மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது. கை விரல்கள் மரத்துப்போயின. மூச்சு உள்ளே போகிறதே தவிர, போதவில்லை. இன்னும் ஐந்து நிமிஷத்தில் செத்துப்போவோம் என்பது நிச்சயமாகத் தெரிந்ததாம். 'தோன்றியது' என்று அவள் சொல்லவில்லை. 'தெரிந்தது' என்றுதான் சொன்னாள். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. பதினைந்து நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. மறுவாரம் கோயில் பிரகாரத்தில் வந்தது. அதற்கடுத்தாற்போல் பஸ்ஸில் வந்தது. பிறகு பஸ் ஏறுவதையே அவள் விட்டுவிட்டாள்.

அத்தான் நல்லவர். ஆனால் அவருடைய தாயார், உடம்பு வணங்காதவளுக்கு வருகிற வியாதி இது என்று ஒரே வாக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அந்தத் தீர்ப்பின் மேல் அப்பீல் செய்யத்தான் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். இரண்டு பக்கத்துக்குக் காகிதம் வந்தது. ஒவ்வொரு வரியிலும் ஓர் எண்; பக்கத்தில் இருக்கவேண்டிய அளவு. எல்லா எண்களும் நல்ல பிள்ளைகளாகத் தத்தம் எல்லைக்குள்ளேயே இருந்தன. டாக்டர் காகிதத்தை மடித்துக் கொடுத்து, "உங்களுக்கு ஒன்றுமே இல்லை, அம்மா. எல்லாம் மனப்பிராந்தி. கோயில் குளம் என்று நாலு இடம் போய்விட்டு வாருங்கள்" என்றார். கோயிலில்தான் இரண்டாந்தடவை வந்தது என்று அக்கா சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு அவள் சொன்னாள்: "நான் பொய் சொல்லுதேன்னு என் ரத்தமே சொல்லிட்டே, தம்பி!"

நான் வைத்தியம் படித்தவன் அல்ல. கல்லூரியில் இரண்டு வருஷம் ரசாயனமும் பௌதிகமும் படித்துவிட்டு, மேலே படிக்க வீட்டு நிலைமை இடங்கொடாமல் நின்றுபோனவன். கதை எழுதிப் பிழைக்கிறவன். கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரோ சொன்ன ஒரு வாக்கியம் மனசில் தைத்துவிட்டால், அதைப் பிடுங்கிப் போடத் தெரியாமல் அதன் வேரைத் தேடிக்கொண்டு போவான். அப்படிப் போனதில், பயம் ரத்தத்தில் தெரியுமா என்ற கேள்விக்கு ஏறக்குறைய நூற்றைம்பது வருஷத்துச் சரித்திரம் இருப்பது தெரியவந்தது. மர்மக்கதை எழுதுகிற நண்பர்கள் மன்னிக்கவேண்டும். அவர்கள் எழுதுவதைவிட இதில் திருப்பங்கள் அதிகம்.

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரையில் உள்நாட்டு யுத்தம் நடந்தது. பிலடெல்பியா நகரத்து ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் ஜேக்கப் மெண்டெஸ் டகோஸ்டா என்ற டாக்டர் வேலை பார்த்தார். அவரிடம் வந்த சிப்பாய்களில் பலருக்குக் காயம் எதுவும் இல்லை. ஆனால் மார்பு படபடத்தது, வலித்தது, மூச்சு வாங்கியது, தலை சுற்றியது. இருதயத்தில் காது வைத்துக் கேட்டால் அது ஓடுகிறதே தவிர, பழுதில்லை. யுத்த காலத்தில் இப்படி ஒரு சிப்பாய் சொன்னால் பட்டாளத்துக்காரர்களுக்கு என்ன தோன்றும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. என் அக்காவின் மாமியாருக்குத் தோன்றியதுதான். டகோஸ்டா அவர்களை ஓய்வெடுக்க வைத்தார், டிஜிடாலிஸ் மருந்து கொடுத்தார், 300 பேருக்கு மேல் இப்படிப் பார்த்துக் குறிப்பு எழுதிவைத்தார். 1871-ல் அவற்றை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அந்த நோய்க்கு 'எரிச்சல்கொண்ட இருதயம்' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார். பெயர் சரியானது என்று இன்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் காயமில்லாத மனிதன் வலிக்கிறது என்று சொன்னதை ஒரு டாக்டர் நம்பி எழுதிவைத்தார் பாருங்கள், அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. 1895-ல் வியன்னாவில் ஃபிராய்டு இதே குறிகளை எடுத்து, இருதயத்திலிருந்து பிரித்து, மனப்பதற்ற நோய் என்று தனிக் கணக்கில் வைத்தார். அவரைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நாம் ரத்தத்துக்குப் போவோம்.

ரத்தத்தில் பயத்தை முதலில் கையும் களவுமாகப் பிடித்தவர் ஹார்வர்டு சர்வகலாசாலையின் வால்ட்டர் கானன். அவருக்கு உதவியது ஒரு பூனை. அந்தப் பூனைக்கு உதவியது ஒரு நாய்.

வருஷம் 1911. கானனும் டிலாபாஸ் என்ற சகாவும் பூனையின் தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழல் ஒன்றை வயிற்றுக்குள் செலுத்தினார்கள். சிறுநீரகத்தின் தலைமேல் குல்லாய் வைத்தாற்போல் ஒரு சுரப்பி உண்டு. அதிலிருந்து வரும் ரத்தம் பெரிய குழாயில் கலக்கிற இடம்வரை குழல் போயிற்று. பூனை அமைதியாக இருக்கும்போது கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு எதிரில் ஒரு நாயைக் கொண்டுவந்து குரைக்கவிட்டு, மறுபடியும் கொஞ்சம் எடுத்தார்கள். இரண்டு கிண்ணம் ரத்தம், கண்ணுக்கு வித்தியாசமில்லை. எது பயந்த ரத்தம், எது பயப்படாத ரத்தம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்குக் குடல் தசையில் ஒரு கீற்றைப் பயன்படுத்தினார்கள். வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டால் அந்தக் கீற்று தன்பாட்டில் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். அமைதியான பூனையின் ரத்தத்தில் தோய்த்தார்கள். அது சுருங்குவதும் விரிவதும் நிற்கவில்லை. பயந்த பூனையின் ரத்தத்தில் தோய்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் கீற்று தளர்ந்து, ஆட்டம் நின்றுபோயிற்று. பயந்தவனுக்கு வயிற்றில் ஏதோ ஆகிறது என்று நம் பாட்டிமார்கள் சொல்லிவந்ததற்கு இப்படி ஒரு நிரூபணம் கிடைத்தது. அந்த ரத்தத்தில் இருந்தது அட்ரினலின்.

இன்னொன்றும் செய்தார் கானன். நான் இந்தக் கட்டுரை எழுதப் புறப்பட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான். பயந்த ரத்தத்தை வெதுவெதுப்பாக வைத்து அதற்குள் பிராணவாயுவைக் குமிழ்குமிழாகச் செலுத்தினார். சிறிது நேரங்கழித்துத் தசைக் கீற்றைத் தோய்த்தால், கீற்று தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. பயம் போய்விட்டது! பிராணவாயு அட்ரினலினை எரித்துத் தீர்த்துவிட்டது. பயமும் பிராணவாயுவும் ஒரே கிண்ணத்தில் இப்படிச் சந்தித்த விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

பயந்த பூனையின் மூத்திரத்தில் சர்க்கரை இறங்குவதையும் கானன் பார்த்தார். மனிதர்களுக்கும் அப்படித்தானா என்று அறிய 1913-ல் ஹார்வர்டு கால்பந்துக் கோஷ்டியைப் பிடித்துக்கொண்டார். அந்த வருஷத்தின் மிக முக்கியமான, கடைசிப் பந்தயம் முடிந்த கையோடு 25 ஆட்டக்காரர்களைச் சோதித்ததில் 12 பேருக்குச் சர்க்கரை இருந்தது. ஓடியாடிய களைப்பு என்று சொல்லலாம் அல்லவா? சொல்ல முடியாது. அந்த 12 பேரில் 5 பேர் களத்தில் இறங்கவே இல்லை. யாருக்காவது காலில் அடிபட்டால் கூப்பிடுவார்கள் என்று ஓரத்தில் உட்கார்ந்திருந்த பதிலாட்கள்! ஆடினவனுக்காவது ஓடித் தீர்க்க ஒரு மைதானம் இருந்தது.

ஆக, பயம் ரத்தத்துக்குள் போகிறது என்பது நிலைபெற்றுவிட்டது. ஆனால் கானன் தம்முடைய வெற்றியில் மயங்கிவிடவில்லை. 1927-ல் அவரே எழுதினார்: பயத்திலும் கோபத்திலும் உடம்புக்குள் நடப்பது ஏறத்தாழ ஒன்றே, குளிரிலும் ஜுரத்திலும்கூட அதுவே நடக்கிறது, ஆகையால் உடம்பின் மாறுதலை வைத்து உணர்ச்சி இன்னதென்று சொல்ல முடியாது. ரத்தம், 'ஏதோ நடக்கிறது' என்று சொல்லும். என்ன என்று கேட்டால் வாயை மூடிக்கொள்ளும்.

மாட்ரிட் நகரத்து டாக்டர் கிரிகோரியோ மரான்யோன் இதை மறுபக்கத்திலிருந்து சோதித்தார். பயந்தால் அட்ரினலின் வருகிறது; சரி, அட்ரினலினை ஊசியில் ஏற்றினால் பயம் வருமா? 210 பேருக்கு ஏற்றிப் பார்த்து 1924-ல் முடிவை வெளியிட்டார். முக்கால்வாசிப் பேர் மார்பு அடிக்கிறது, கை நடுங்குகிறது என்று உடம்பின் சமாசாரத்தை மட்டும் சொன்னார்கள். மீதிப் பேருக்கு ஏதோ உணர்ச்சி வந்தது. அவர்களிலும் பெரும்பாலோர், 'பயப்படுகிறாற்போல் இருக்கிறது' என்றார்களாம். பயம் அல்ல, பயப்படுகிறாற்போல! மேடையில் நிற்கிற நடிகனின் பயம். உடம்பு தன் பங்கு வேலையைக் குறைவில்லாமல் செய்துவிட்டது. ஆனால் ஆள் வீட்டில் இல்லை. ஒரு கதாசிரியன் பொறாமைப்படத் தக்க அழகான பரிசோதனை இது.

இங்கே ஒரு கிளைக்கதையைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். அது என் அக்காவின் நோய் அல்ல. சித்தப்பிரமை என்று நாம் சொல்கிற கடுமையான மனநோயைச் சேர்ந்தது. ஆனால் ரத்தத்தைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் எல்லாரும் அறியவேண்டிய கதை.

அட்ரினலின் கரைசலைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள பிராணவாயு பட்டு இளஞ்சிவப்பாகிவிடும். அப்படிக் கெட்டுப்போன பொருள்தான் பைத்தியத்துக்குக் காரணமோ என்று 1954-ல் ஹாஃபர், ஆஸ்மண்ட், ஸ்மைத்தீஸ் என்ற மூன்று டாக்டர்கள் ஒரு சித்தாந்தத்தைக் கிளப்பினார்கள். உடனே எல்லாரும் மனநோயாளிகளின் ரத்தத்தில் பிராணவாயு என்ன அட்டூழியம் செய்கிறது என்று பார்க்கப் புறப்பட்டார்கள். 1957-ல் சுவீடனைச் சேர்ந்த ஓகர்ஃபெல்ட் என்பவர் ஒரு சோதனையை வெளியிட்டார். ரத்தத்திலிருந்து தெளிந்த நீரில் ஒரு ரசாயனப் பொருளைக் கலந்தால் அது பிராணவாயுவை ஏற்றுச் சிவக்கும். மனநோயாளிகளின் ரத்தநீரில் அது அதிகமாகச் சிவந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. பைத்தியத்துக்கு ரத்தப் பரிசோதனை கண்டாயிற்று! நூறு வருஷத்துச் சந்தேகம் ஒரு கண்ணாடிக் குழாயில் தீர்ந்தது!

தீரவில்லை. சிவக்கவைப்பது ரத்தத்திலுள்ள, செம்பு கலந்த ஒரு புரதம். சிவக்கவிடாமல் தாமதிப்பது வைட்டமின் சி. ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக அடைபட்டுக் கிடந்த நோயாளிகளுக்குப் போட்ட சாப்பாட்டில் பழம் எங்கிருந்து வரும்? அவர்களுக்கு வைட்டமின் சி கொடுத்துப் பார்த்தார்கள், வித்தியாசம் மறைந்துவிட்டது. அந்தச் செம்புப் புரதமும், பைத்தியத்துக்கென்று பிறந்ததல்ல. பிள்ளைத்தாய்ச்சிக்கும் அதிகப்படும், காய்ச்சல்காரனுக்கும் அதிகப்படும். அதாவது, அந்தச் சோதனை கண்டுபிடித்தது நோயாளியின் மூளையை அல்ல, ஆஸ்பத்திரியின் சமையற்கட்டை. அமெரிக்காவின் மனநல ஆராய்ச்சிக் கழகத்திலிருந்த சீமோர் கெட்டி 1959-ல் இதையெல்லாம் தொகுத்து நிதானமாக ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மனநோயாளிகளின் மூத்திரத்தில் சில விசேஷ அமிலங்கள் இருப்பதாகச் சொல்லப்பட்டது. ஆராய்ந்ததில், அவை நோயைவிடக் காபியோடுதான் அதிகச் சம்பந்தம் உள்ளவையாக இருந்தன. அந்தக் கணக்குப்படி பார்த்தால் காலையில் இரண்டு டம்ளர் காபி சாப்பிடாமல் பேனாவைத் தொடாத நான் எப்போதோ அடைக்கப்பட்டிருக்க வேண்டும்.

சிரிக்கலாம். ஆனால் இதில் சிரிப்பதற்கில்லாத ஒன்றும் இருக்கிறது. பழம் இல்லாத சாப்பாடு போட்டு அடைத்துவைத்து, அதனால் ரத்தம் மாறியதும், 'இதோ உன் பைத்தியத்தின் அடையாளம்' என்று அவர்களிடமே காட்டிவிட்டார்களே! அந்த நோயாளிகளை யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள். கேட்டிருந்தால், சாப்பாடு நன்றாக இல்லை என்றாவது சொல்லியிருப்பார்கள்.

இனிப் பயத்துக்குத் திரும்புவோம். 1940-களில் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் கோஹனும் ஒயிட்டும், டகோஸ்டாவின் சிப்பாய்களைப் போன்ற நோயாளிகளை உடற்பயிற்சி செய்யச் சொன்னபோது அவர்களுடைய ரத்தத்தில் மற்றவர்களைவிட லாக்டேட் என்ற பொருள் அதிகமாக ஏறுவதைக் கண்டார்கள். தசை வேலை செய்யும்போது உண்டாவது அது. செயிண்ட் லூயிஸில் பிட்ஸ், மெக்ளூர் என்ற இருவர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய், லாக்டேட்டை ஊசி வழியாகவே ரத்தத்தில் ஏற்றினார்கள். 1967-ல் முடிவு வந்தது. நோயாளிகள் 14 பேரில் 13 பேருக்கு, என் அக்காவுக்குப் பால் பொங்கியபோது வந்ததே, அது அப்படியே வந்தது. நோயில்லாத 10 பேரில் 2 பேருக்குத்தான் வந்தது. சர்க்கரை நீர் ஏற்றியபோது அப்படி வரவில்லை. எது எந்த நீர் என்று நோயாளிக்கும் தெரியாது.

இதைப் படித்தபோது நான் எழுந்து அறைக்குள் நடந்தேன். வேப்பமரத்தடியில் அக்கா கேட்டது இதைத்தானே! நீ பொய் சொல்லவில்லை, உன் உடம்பு வேறு மாதிரி என்று சொல்லும் ஒரு சாட்சி. ஆனால் இந்தச் சாட்சியும் குறுக்கு விசாரணையில் தடுமாறிற்று. ஒரு மைல் ஓடுகிறவன் ரத்தத்தில் அந்த ஊசியில் ஏற்றியதற்குக் குறையாத லாக்டேட் ஏறுகிறது. அவன் செத்துப்போவேன் என்று அலறுவதில்லை, சோடா கேட்கிறான்.

பிறகு 1989-ல் நியூயார்க் மாகாணத்து ஆல்பனியில் சாண்டர்சன், ரேப்பி, பார்லோ என்ற மூவர் ஒரு காரியம் செய்தார்கள். இப்படிப்பட்ட நோயாளிகளுக்குக் கரியமிலவாயு கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தாலும் அந்தப் பயம் வந்துவிடும். 20 நோயாளிகளுக்கு 15 நிமிஷம் அதைக் கொடுத்தார்கள். எதிரில் ஒரு விளக்கு, கைக்கெட்டுகிற இடத்தில் ஒரு திருகு. விளக்கு எரியும்போது திருகைத் திருப்பினால் வாயுவைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எல்லாருக்கும் சொல்லிவைத்தார்கள். 10 பேருக்கு விளக்கு எரிந்தது. 10 பேருக்கு எரியவில்லை. எரியாதவர்களில் 8 பேருக்குப் பயம் வந்து ஆட்டிவைத்தது. எரிந்தவர்களில் 2 பேருக்குத்தான் வந்தது. எல்லாரும் சுவாசித்தது ஒரே காற்று. அந்தத் திருகு எதோடும் இணைக்கப்படவே இல்லை.

இப்போது பிராணவாயுவின் முறை. கானனின் கிண்ணத்தை ஞாபகம் இருக்கிறதல்லவா?

1938-ல் கேம்பிரிட்ஜில் மான், கைலின் என்ற இரு விஞ்ஞானிகள் மாட்டு ரத்தத்திலிருந்து செம்பு கலந்த ஒரு நீலப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. முப்பத்தோரு வருஷம் அது ரசாயனப் புத்தகங்களில் வேலையற்ற பட்டதாரியாக உட்கார்ந்திருந்தது. 1969-ல் அமெரிக்காவில் மெக்கார்ட், ஃபிரிடோவிச் என்ற இருவர் அதன் உத்தியோகத்தைக் கண்டுபிடித்தார்கள். நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் ஒரு சிறு பகுதி முறையாக எரியாமல், வாலில் நெருப்பு வைத்த குரங்கு மாதிரி, பட்ட இடத்தையெல்லாம் சுட்டுக்கொண்டு திரிகிறது. அதைப் பிடித்து அடக்குவதே அந்தப் புரதத்தின் வேலை. இப்படி அடக்குகிற காவலாளிகள் உடம்பில் இன்னும் பலர் உண்டு. திரிகிற நெருப்பு அதிகமாகிக் காவல் போதாமற்போகிற நிலைமைக்கு 1985-ல் ஜெர்மனியில் ஹெல்முட் சீஸ் என்பவர் வைத்த பெயர் 'ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்'. பிராணவாயுவின் நெருக்கடி என்று நான் எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். பிராணன் கொடுக்கிற வாயுவே பிராணனை வாங்கவும் செய்கிறது என்றால் நம்மவர்கள் ஆச்சரியப்படமாட்டார்கள்.

இந்த நெருப்புக்கு மிகவும் பிரியமான பண்டம் கொழுப்பு. மூளையோ கொழுப்பு மிகுந்தது. நம் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் இருந்துகொண்டு, நாம் உள்ளே வாங்கும் பிராணவாயுவில் ஐந்திலொரு பங்கைச் சாப்பிடுகிறது. மூளைக்கே இந்த நெருக்கடி வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது இயல்பே. வீட்டில் எண்ணெய் நாள்பட்டால் காறிப்போகிறதே, அதுவும் கொழுப்பில் பிராணவாயு செய்கிற வேலைதான். காறலைக் கண்டுபிடிக்க உணவு ரசாயனக்காரர்கள் ஒரு சோதனை வைத்திருந்தார்கள்; ஒரு திராவகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். கொழுப்பு உடைந்து உண்டாகும் மாலோண்டயால்டிஹைடு என்ற பொருள்தான் அந்த நிறத்தைக் கொடுக்கிறது. எண்ணெய்க்கு வைத்த அந்தச் சோதனையை மனித ரத்தத்துக்கும் வைத்தார்கள். மறுபடியும் ஒரு சிவப்பு, கவனியுங்கள்.

2002-ல் துருக்கியில் ஃபிராத் சர்வகலாசாலை டாக்டர்கள், அக்காவுக்கு இருந்த மாதிரி திடீர்ப் பய நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் இந்தக் காறல் பொருள் அதிகம் இருப்பதாக எழுதினார்கள். கூட்டத்தைக் கண்டு அஞ்சும் நோய் உள்ளவர்களிடமும் அங்கே அதைப் பார்த்தார்கள். மருந்து கொடுத்ததும் குறைந்தது. 2007-ல் பிரான்சில் எலிகளிடம் பார்த்தார்கள். இருட்டை விட்டு வெளிச்சத்துக்கு வர அஞ்சும் எலியின் ரத்த அணுக்களில் நெருப்பு அதிகம். இதற்கிடையே 2005-ல் கலிபோர்னியாவின் சால்க் ஆராய்ச்சி நிலையத்தில் ஈரிஸ் ஹோவாட்டாவும் சகாக்களும் செய்ததுதான் பெரிய பேச்சாயிற்று. பயந்தாங்கொள்ளி எலி வகைகளையும் தைரியசாலி எலி வகைகளையும் வைத்துக்கொண்டு மூளையில் எந்த மரபணுக்கள் மாறுபடுகின்றன என்று தேடி 17-ஐப் பொறுக்கினார்கள். அவற்றில் இரண்டு இந்த நெருக்கடியோடு சம்பந்தமுள்ளவை. அவற்றை மூளையில் அதிகப்படுத்தினால் தைரியசாலி எலியும் பயந்தது! 

கண்டுபிடித்தாயிற்று என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றிற்று. 2012-ல் சிகாகோவில் இன்னொரு கோஷ்டி அந்த இரண்டில் ஒன்றை எடுத்துத் துருவிப் பார்த்தது. அது எலியைப் பயமுறுத்தியது உண்மை. ஆனால் வழி வேறு. மூளையில் நரம்புகளைச் சாந்தப்படுத்தும் ஒரு வாசல் உண்டு. அந்த வாசலைத் தட்டித் திறக்கிற ஒரு சிறு பொருளை இந்த மரபணுவின் சந்ததி துடைத்துப் போட்டுவிடுகிறது; அதனால் எலிக்குச் சாந்தி போய்விடுகிறது. நெருப்பின் மேல் போட்ட குற்றச்சாட்டில் பாதி இப்படித் தள்ளுபடியாயிற்று.

மற்றப் பாதி? ரத்தத்தில் காறல் பொருள் பீடி குடிப்பவனுக்கு உண்டு, நீரிழிவுக்காரனுக்கு உண்டு, மாரடைப்பு வந்தவனுக்கு உண்டு. ராத்தூக்கம் கெட்டவள், பயத்தில் சாப்பாடு இறங்காதவள், வெளியே நடக்கவே அஞ்சி வீட்டோடு கிடப்பவள் என்று இப்படிப்பட்ட ஒருத்தியின் ரத்தம் சிவந்தால், அது பயத்துக்குக் காரணமா, பயத்தின் காரியமா, அல்லது அவள் வாழ்கிற வாழ்க்கையின் நிறமா? ஓகர்ஃபெல்டின் குழாயில் பழத்தைப் பார்த்தோமே, அந்த நினைவு எனக்குப் போகமாட்டேன் என்கிறது. இந்த ஆராய்ச்சிகள் வீண் என்று சொல்கிற தகுதி எனக்கில்லை. சொல்லவும் மாட்டேன், இன்றைக்குப் பல தேசங்களில் அவை நடக்கின்றன. ஆனால் மனப்பதற்ற நோயை இன்னதென்று காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இன்றுவரை வைத்தியசாலை வழக்கத்துக்கு வரவில்லை. ரத்தம் எடுப்பது, தைராய்டு அதிகமாகச் சுரந்தோ ரத்தசோகையாலோ மார்பு படபடக்கிறதா என்று பார்ப்பதற்கு. அதெல்லாம் இல்லையென்றால், 'உனக்கு அந்த வியாதிகள் இல்லை' என்று மட்டுமே அந்தக் காகிதத்துக்குப் பொருள். 'உனக்கு ஒன்றுமே இல்லை' என்று அந்தக் காகிதத்தில் எங்கும் அச்சாகியிருக்கவில்லை. அது டாக்டர் சொந்தமாகச் சேர்த்துக்கொண்ட வரி. கையெழுத்துப் பிரதியில் இல்லாத வரியைச் சேர்க்கிற பிழைதிருத்துபவர்களிடம் நான் நிறைய அவஸ்தைப்பட்டிருக்கிறேன். இது அதைவிடப் பெரிய அவஸ்தை.

அக்காவை நாலைந்து மாதம் கழித்து வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். வயதான அம்மாள், சின்ன அறை, மேஜைமேல் ஒரு கூஜாவில் தண்ணீர். அதே காகிதத்தை அவளும் பார்த்தாள். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு, முதல் தடவை எப்போது வந்தது என்று கேட்டாள். அக்கா பாலிலிருந்து ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒரு தடவை அந்த அம்மாள், "அப்போது விரல் மரத்துப்போகுமே?" என்றாள். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எந்தக் கதையிலும் நான் இதுவரை எழுதியதில்லை. தன் உடம்புக்குள் நடந்ததை, தான் சொல்லாமலே இன்னொருத்தி சொல்லிவிட்டாள்!

மாத்திரை கொஞ்ச நாள், பேச்சும் பயிற்சியும் நிறைய நாள். நோய்க்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருப்பது தெரிந்ததும் மாமியார் அன்றைக்கே தன் தீர்ப்பை வாபஸ் வாங்கிக்கொண்டாள். தனக்கும் சில வருஷங்களாக அதே வியாதி இருப்பதாக அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டதாகவும் கேள்வி.

போன சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு எல்லாருமாகப் புறப்பட்டோம். பஸ்ஸில்தான். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்ததும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பேச்சுக் கொடுத்தால் நல்லது என்று நான் இந்தக் கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பூனையிடம் அவளுக்கு இரக்கம் உண்டாயிற்று. ஆடாமல் உட்கார்ந்திருந்த ஐந்து பேரைப் பற்றிச் சொன்னபோது, "பாவம்" என்றாள். எதோடும் இணைக்காத திருகைச் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தாள். வெளியே காற்றாடி யந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

"அந்தத் திருகுல ஒண்ணும் இல்லைன்னு அவங்களுக்கு அப்புறம் சொன்னாங்களா, தம்பி?"

"சொல்லித்தான் இருப்பார்கள்" என்றேன்.

"சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் அக்கா.

ஆலங்குளத்தில் வண்டி நின்றது. டீ வேண்டுமா என்று கேட்டேன். தானே இறங்கி வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.